நீலாயதாட்சி போட்டோக்காரன் பார்த்த கதை

காரைக்காலில் கேமரா தூக்கிய எவனும் அந்த வருஷம் நீலாயதாட்சியின் வாயிலிருந்து தப்பவில்லை. இளைய மகள் நந்தினிக்கு மாப்பிள்ளை பார்த்தது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. வந்தார்கள், கேசரி தின்றார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், போனார்கள். மாப்பிள்ளை அறிவுச்செல்வன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். அதுவே போதும் என்று நீலாயதாட்சி சொல்லிவிட்டாள். போட்டோக்காரனைப் பார்க்கத்தான் ஒன்றரை மாதம் ஆனது. ஒருத்தன் மாற்றி ஒருத்தனாக வரவழைத்து, ஆல்பத்தைப் புரட்டி, கழித்துக் கட்டினாள். கழித்ததோடு விட்டாளா? மறுநாள் மீன் விற்கப் போகிற தெருவிலெல்லாம் அவன் மானத்தையும் சேர்த்துக் கூறுபோட்டாள்.

இவ்வளவு பிகு பண்ணுவதற்கு அவள் என்ன சீமாட்டியா? காரைக்கால்மேட்டில் ஒரு ஓட்டு வீடு. புருஷன் முத்தையன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் படகு எஞ்சினைச் சரிபார்க்கக் குனிந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து, விடிந்ததும் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸைக் கொட்டி, ஷேர் ஆட்டோவில் தருமபுரம் போய் இறங்கி, தெருத்தெருவாகக் கூவி விற்று, இரண்டு பெண்களையும் காலேஜ் வரை படிக்க வைத்தவள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே அது எப்போது வலையில் ஏறியது என்று சொல்லிவிடுவாள். ஆட்களையும் அப்படித்தான் பார்ப்பாள். பார்த்தது பிடிக்காவிட்டால் அதை மூடி மறைக்க அவளுக்குத் தெரியாது.

போட்டோ விஷயத்தில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நந்தினி கழுத்தில் தாலி ஏறுகிற படத்தில் பெற்றவள் நிற்க வேண்டும். உயிரோடு, சொந்த முகத்தோடு நிற்க வேண்டும். இதென்ன பெரிய ஆசை என்று கேட்கிறவர்கள் மூத்தவள் வினோதாவின் கல்யாண ஆல்பத்தைப் பார்க்காதவர்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம் அது. முத்தையனின் அண்ணன் பூமிநாதன்தான் முன்னால் நின்று நடத்தினார். அண்ணன் என்ற முறையில் தாரை வார்க்க அவரும் அவர் பெண்டாட்டி ராசாத்தியும் மணையில் உட்கார்ந்தார்கள். அதை நீலாயதாட்சி குறை சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அவர் இவளிடம் வந்து, மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவியைக் கையில் வைத்தார்.

"நீலா, இது பொறுப்பான வேலை. உன்ன விட்டா வேற யார நம்பிக் குடுக்கறது சொல்லு?"

அடேயப்பா, என்ன மரியாதை! தாலியறுத்தவளை மேடைப் பக்கம் வராதே என்று யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா இந்தக் காலத்தில்? சொன்னால் நாகரிகக் குறைவு ஆகிவிடாதா? அதனால் சாவியைக் கொடுத்தார்கள். அரிசி மூட்டைக்கும் வாழை இலைக் கட்டுக்கும் நடுவில் நின்று, அப்பளம் கேட்டவனுக்கு அப்பளம், முந்திரி கேட்டவனுக்கு முந்திரி என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் கேட்டது. கையில் இருந்த வெல்லத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அட்சதையைப் போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சரி போகட்டும் என்று கூட்டம் குறைந்த பிறகு மேடை ஏறி, பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அந்தப் படமும் இருந்தது. அவள் நின்ற இடத்தில் முத்தையன் நின்றார்.

நீலக் கோட்டு, சிவப்பு டை. முகத்தை மட்டும் மீனவர் அடையாள அட்டையிலிருந்து வெட்டி எடுத்து, ஊர் பேர் தெரியாத எவனுடைய கோட்டு மேலேயோ ஒட்டியிருந்தார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோது முறைத்த அதே முறைப்பு. ஒரு காது பாதிதான் இருந்தது. முகம் கன்னங்கரேலென்று கடல்காரர் முகம். கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கை மட்டும் தக்காளிப்பழச் சிவப்பு. சட்டைக்கு மேல் பொத்தான் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று திறந்து விட்டுக்கொண்டு திரிந்த மனுஷருக்கு டை! செத்தவர் மேடையில் நிற்கிறார், உயிரோடு இருந்தவளை அந்த ஆல்பம் முழுக்கத் தேடினாலும் காணோம்.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த ஸ்டுடியோ ராஜாவிடம் போனாள். "செத்தவரக் கொண்டாந்து நிறுத்தியிருக்கியே, உசுரோட நின்னவள எங்கய்யா தூக்கிப் போட்ட?"

அவனுக்கு வெட்கமாவது ஒன்றாவது. "பெரியவருதான் சொன்னாருக்கா, படம் மங்களகரமா இருக்கட்டும்னு. அப்பாவ நிறுத்த எடமும் வேணும்ல? எவ்ளோ நுணுக்கமான வேல தெரியுமா? அதுக்குன்னு தனியா நான் எதுவும் கேக்கக்கூட இல்ல" என்றான். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றான், தடிமாடு.

பூமிநாதனிடம் கேட்டாள். அவர் ரொம்பப் பெரிய மனுஷத் தோரணையில் சிரித்தார். "போட்டோவுல என்ன நீலா இருக்கு? மனசுல இருந்தா போதாதா?" என்றார். வினோதாவோ, "விடும்மா, பாக்க நல்லாத்தானே இருக்கு. மாமியார் வீட்டுல எல்லாரும் அப்பா எவ்ளோ பர்சனாலிட்டின்னு சொல்றாங்க" என்றாள். அன்றைக்கு நீலாயதாட்சி வாயை மூடினாள். ஆல்பத்தைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அந்தக் கோபம் மட்டும் ஆறு வருஷமாக ஆறவே இல்லை.

ஆறு வருஷமாக அவள் போகாத கல்யாணம் இல்லை. ஒவ்வொன்றிலும் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தாள். இந்தக் காலத்துக் கல்யாணத்தில் யார் பேச்சு எடுபடுகிறது? ஐயர் "நேரமாகுது" என்று கத்துவார், எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிப்பார், அவரையும் மதிக்க மாட்டார்கள். போட்டோக்காரன் ஒரு விரலை ஆட்டினால் போதும். ஐயர் மந்திரத்தை நிறுத்துவார். மாப்பிள்ளை போட்ட மாலையைக் கழற்றி மறுபடி போடுவான். எண்பது வயசுக் கிழவர் தாடையைத் தூக்குவார். தள்ளு என்றால் தள்ளுவார்கள், சிரி என்றால் சிரிப்பார்கள், வெட்கம் கெட்டவர்கள். மேடையில் யார் நிற்பது என்று தீர்மானிக்கிறவன் அவன்தான் என்று நீலாயதாட்சிக்குப் பட்டது.

ஆகவே நந்தினிக்கு நிச்சயம் ஆன அன்றே மூத்தாரிடம் சொல்லிவிட்டாள். "மாமா, மண்டபம், மேளம், சமையலு, ஐயரு எல்லாம் நீங்களே பாருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். போட்டோக்காரன மட்டும் நான்தான் பாப்பேன்."

பூமிநாதன் தாராளமாகக் கையை விரித்தார். "அட, அவ்ளோதானே? பாத்துக்க, பாத்துக்க." இவளுக்குப் படம் பார்க்கிற ஆசை வந்துவிட்டது என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

முதலில் வந்தவன் அதே ராஜா. கூப்பிடாமலே வந்தான். பழைய வாடிக்கையாம். "இப்ப டிரோன் வச்சிருக்கேங்க்கா, அப்பாவ அசையற மாதிரியே வீடியோவுல கொண்டாரலாம், வானத்துலேருந்து பூ போடுவாரு" என்றான். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்னக்கூடையில் இருந்த ஐஸ் தண்ணி அவன் தலையில் கொட்டியிருக்கும். வாசலோடு அனுப்பினாள்.

அப்புறம் ஐந்தாறு பேர். எல்லோரும் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து காட்டுவார்கள். இவள் தட்டிவிட்டு நேராகத் தாலி கட்டுகிற பக்கத்துக்குப் போவாள். மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டாள், பெண்ணைப் பார்க்க மாட்டாள், நகையைப் பார்க்க மாட்டாள். பின்னால் நிற்கிற பெண்களின் நெற்றியை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போவாள். குங்குமம், குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு, குங்குமம். கடைசி நெற்றி வரை போய்விட்டு ஆல்பத்தை மூடிவிடுவாள். பொட்டில்லாத நெற்றி ஒன்றுகூட அகப்படவில்லை.

நேராகக் கேட்டுத் தொலைத்தால் என்ன? "தம்பி, தாலி கட்டுறப்ப என்னையும் சேத்து எடுப்பியா" என்று ஒரு வார்த்தை. கேட்க மாட்டாள். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் நிற்பதற்கு எவனோ கேமராக்காரனிடம் போய்க் கையேந்துவதா? செவுளைத் தூக்கிப் பார்த்து நல்ல மீனை எடுக்கத் தெரிந்தவளுக்கு நல்ல ஆளை எடுக்கத் தெரியாதா என்று ஒரு வீம்பு.

நந்தினிக்குப் பிடித்தவன் கார்முகில். வருவதற்கு முன்பே அவனுடைய ரீல்ஸ் எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். குடுமி, கிழிந்த ஜீன்ஸ், கையில் ஐபேட். பேச்செல்லாம் பெரிய பேச்சு. "நாங்க போட்டோ எடுக்கறதில்லம்மா, ஃபீல் எடுக்கறோம்" என்றான்.

"எடுத்துட்டு எங்க வைப்ப?" என்று கேட்டாள் நீலாயதாட்சி.

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஐபேடை நீட்டினான். கல்யாணத்துக்கு முந்தியே எடுத்த படங்களாம். கடற்கரை, படகு, ஜோடி. மாப்பிள்ளை கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு, காயப்போட்டிருந்த வலை மேல் ஏறி நின்று, பெண்ணை இடுப்பில் தூக்கிச் சுற்றுகிறான்.

"தம்பி, அது வல."

"ஆமாம்மா, ரஸ்டிக் லுக்."

"செருப்புக் காலோட வல மேல நிக்கறான். எங்கூர்ல சின்னப் புள்ளகூட வலையத் தாண்டாது, சுத்திப் போவும். அந்த வலக்காரன் பாத்திருந்தா ஒன் மாப்பிள்ளயையும் ஒன்னையும் ஒண்ணாக் கட்டிக் கடல்ல போட்டிருப்பான். சோறு போடுறத மிதிக்கறது ஒனக்கு லுக்கா?"

நந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். நீலாயதாட்சி ஐபேடில் தாலி கட்டுகிற படத்துக்கு வந்தாள். விரல் நெற்றி நெற்றியாக நகர்ந்தது. ஒன்று, இரண்டு, பன்னிரண்டு கல்யாணம் பார்த்தாள். பிறகு கேட்டாள், "ஏன் தம்பி, இத்தன கல்யாணத்துலயும் புருஷன் செத்த ஆத்தா ஒருத்திகூடவா இல்ல?"

அவன் ஐபேடைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "அது அவங்கவங்க வீட்டு வழக்கம்மா. எங்களுக்கு ஃப்ரேம் அழகா இருக்கணும், அவ்ளோதான்."

"அழகா இருக்கட்டும். நீ போயிட்டு வா."

அவன் போன பிறகு நந்தினி பிடித்துக்கொண்டாள். "எவனையும் வேணாம்னா எப்படிம்மா? ஒன்னால நான் போட்டோவே இல்லாம கல்யாணம் பண்ணிக்கப் போறேன், அதான் நடக்கப் போவுது!" என்று அழுதாள். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. அப்போதும் நீலாயதாட்சி காரணத்தைப் பெண்ணிடம் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிற ஆல்பத்தைத் திறந்து பார்த்தால் தானே தெரிந்துகொள்கிறாள் என்று முறுக்கிக்கொண்டு கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று தருமபுரத்தை முடித்துவிட்டு முஸ்லிம் தெருவுக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டுக்குப் போவதென்றால் அவளுக்கே கொஞ்சம் உதறல். அந்த வீட்டு ஜொஹரா, முப்பது வயசிருக்கும், ஒவ்வொரு மீனையும் தானே செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். ஏமாற்ற முடியாது.

"அக்கா, இந்த வஞ்சிரம் நேத்து மீனு."

"ஆமா, நேத்து மீனுதான். ஒங்கிட்ட மறைக்க முடியுமா? சங்கராவ எடு, இன்னிக்கி வந்தது."

ஜொஹரா சங்கராவைப் பாத்திரத்தில் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கறுப்பு புர்காவை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய பையோடு வெளியே வந்தாள். நீலாயதாட்சி இன்னும் கூடையை மூடிக்கொண்டிருந்தாள். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே கேமரா.

"ஏ பொண்ணு, நீ போட்டோ புடிப்பியா?"

"கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் மட்டும் எடுப்பேங்க்கா. எங்க வீடுகள்ல அந்தப் பக்கம் ஆம்பள போட்டோக்காரர விட மாட்டாங்கள்ல."

இவ்வளவு நாளாக மீன் கொடுத்த வீட்டில் இப்படியொன்று இருந்திருக்கிறது! நீலாயதாட்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆல்பம் காட்டு."

"காட்ட மாட்டேன்."

"என்னது?"

"காட்ட மாட்டேங்க்கா. அவங்க வீட்டுப் பொம்பளைங்க படம் அது. அவங்களுக்கு மட்டுந்தான். வெளியாளுக்குக் காட்ட மாட்டேன்னு சொல்லித்தான் எடுக்கறேன்."

"பின்ன எத நம்பி ஒன்ன வைக்கறது?"

"நம்பாட்டிப் போங்க. வேற ஆளப் பாருங்க. எனக்கு நேரமாவுது."

ஒன்றரை மாதமாக வந்தவனெல்லாம் ஆல்பத்தை விரித்துப் பல்லை இளித்தான். இவள் ஒருத்திதான் போ என்கிறாள். நீலாயதாட்சிக்குச் சுருக்கென்றது; அடுத்த நொடியே குளிர்ந்தும் போனது. கேட்க நினைத்திராத கேள்வியைக் கேட்டுவிட்டாள். "எடுத்த படத்துலேருந்து ஒருத்தர வெட்டிடுன்னு வேற யாராவது சொன்னா?"

"அந்த ஒருத்தருகிட்டயே கேப்பேன். அவங்க சரின்னாத்தான் கைவைப்பேன். அவங்க மூஞ்சி, அவங்க சொல்லு. பொண்ணோட அப்பாவே சொன்னாலும் அதான்."

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நீலாயதாட்சி சொன்னாள், "ஆவணி பதினெட்டு. எழுதி வச்சுக்க."

ஜொஹரா பயந்துவிட்டாள். ஆம்பளைக் கூட்டம் மொய்க்கிற மேடையில் ஏறி எடுத்ததில்லையாம். "நீ பொண்ணு பக்கம் நில்லு. மாப்பிள்ள பக்கத்தையும் வீடியோவையும் ஒன் வீட்டுக்காரரு பாத்துக்கட்டும்" என்றாள் இவள். வீட்டுக்காரர் அஜ்மீர் செல்போன் கடை வைத்திருக்கிறவர், வீடியோ எடுப்பார், ரீல்ஸும் போடத் தெரியும். நந்தினி அதோடு சமாதானம் ஆனாள். பூமிநாதன்தான் முகத்தைச் சுளித்தார். "ஊர்ல இத்தன ஸ்டுடியோ இருக்க, ஒரு பொம்பளப் புள்ளய நம்பி..." என்று இழுத்தார். போட்டோவில் என்ன இருக்கிறது மாமா என்று கேட்க நாக்கு வரை வந்ததை இவள் விழுங்கினாள். அதற்கு இன்னும் நேரம் இருந்தது.

ஆவணி பதினெட்டு. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி பூமிநாதன் பட்டு வேட்டி சரசரக்க வந்தார். விரலில் நவரத்தின மோதிரம் மின்னியது.

"நீலா, இந்தா, ஸ்டோர் ரூம் சாவி. உன்ன விட்டா..."

"வேற யாரு இருக்கா" என்று அவரே சொல்ல வந்ததை இவள் முடித்து வைத்து, சாவியை வாங்கிக்கொண்டாள். நேரே போய் அரிசி, பருப்பு, எண்ணெய், இலை, அப்பளம், முந்திரி என்று சமையல்காரர் கேட்டது, கேட்கப் போவது எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். அறையைப் பூட்டினாள். முகத்தைக் கழுவி, அரக்கு நிறப் பட்டுப் புடவையை நீவிவிட்டுக்கொண்டு, சாவியை இடுப்பில் செருகி, கூட்டத்தின் நடுவே நடந்தாள்.

மேடைக்கு மூன்று படி. இரண்டு படி ஏறினாள். மூன்றாவதில் கால் நின்றுவிட்டது. யாரும் தடுக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராசாத்தி மட்டும் மணையிலிருந்து திரும்பி, "நீலா, சாம்பாருக்குப் பருப்பு கேட்டாங்களே" என்றாள். "குடுத்தாச்சு" என்று இவள் பதில் சொன்னாள். ஆனாலும் கால் எழும்பவில்லை. ஊரையெல்லாம் ஏசினவளுக்கு, பதினோரு வருஷமாக ஒதுங்கி ஒதுங்கிப் பழகின தன் காலே எதிரியாக வந்து நிற்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. ஐயர் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பியிருந்தார். தட்டு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அக்கா!" மேடையிலிருந்து ஜொஹராவின் குரல். கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். மீன் வாங்கும்போது அதட்டுகிற அதே குரல். "அங்க ஏன் நிக்கறீங்க? மேல வாங்க. பொண்ணுக்கு நேர் பின்னால. அங்கதான் வெளிச்சம் இருக்கு. மத்தவங்க கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினார்கள். அதுதான் சொன்னேனே, போட்டோக்காரர் சொன்னால் தள்ளுகிற கூட்டம். புர்கா போட்ட பெண் வேறு, இடித்துக்கொண்டு நிற்க எவனுக்கும் கூச்சம், ஆளாளுக்கு விலகினார்கள். நீலாயதாட்சி ஏறிப் போய்ப் பெண்ணுக்குப் பின்னால் நின்றாள்.

பூமிநாதன் பார்த்துவிட்டார். சபையில் வாயைத் திறக்க முடியாது. அறிமுகமில்லாத பெண்ணை அதட்டவும் முடியாது. மணையை விட்டு எழுந்து நின்று, மோதிரக் கையை நீட்டி, போ, போ, பின்னால போ என்று விரலை ஆட்டினார். கோழியை விரட்டுகிற மாதிரி ஆட்டினார். அந்தக் கை நீலாயதாட்சியின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் ஆடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. நந்தினியின் பின்கழுத்தை, அங்கே ஒட்டியிருந்த மல்லிகை இதழைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. அறிவுச்செல்வன் கட்ட, தாலி ஏறியது. ஜொஹரா எடுத்துக்கொண்டே இருந்தாள். நீலாயதாட்சி அழுதாள், துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

இறங்கும்போது சாவியை எடுத்து மூத்தாரின் கையில் வைத்தாள். "ஸ்டோர் ரூம்ல ஒண்ணும் இல்ல மாமா, எல்லாத்தையும் வெளிய வச்சிட்டேன்" என்றாள்.

பத்து நாள் கழித்து ஜொஹராவே காரைக்கால்மேட்டுக்கு வந்தாள், லேப்டாப்போடு. நந்தினி புருஷன் வீட்டில் இருந்தாள். படத்தைத் திறந்து காட்டினாள். தாலி கட்டுகிற அறிவுச்செல்வன், குனிந்த நந்தினி, பின்னால் கண் நிறைய நீரோடு நீலாயதாட்சி. பொட்டில்லாத நெற்றி, சொந்த முகம். படத்தின் நடுவில், அவளை நோக்கி நீட்டியபடி ஒரு கை, நவரத்தின மோதிரத்தோடு. கைக்கு அந்தப் பக்கம் பூமிநாதனின் முகம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இதத்தான் கேக்க வந்தேங்க்கா" என்றாள் ஜொஹரா. "பெரியவரு போன் பண்ணாரு. மொதல்ல ஒங்கள எடுத்துடச் சொன்னாரு. அத அவங்ககிட்டத்தான் கேக்கணும்னேன். அப்பறம் இந்தப் படத்த அனுப்பினேன். பாத்துட்டு, சரி, கையயாவது அழிச்சிடுன்னாரு. கை அவரோடது. அவரு சொன்னா அழிக்கறதுதான் என் வழக்கம். ஆனா நீட்டினது ஒங்க மேல. அதான்."

நீலாயதாட்சி அந்த மோதிரக் கையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "போன் போடு அவருக்கு. சத்தமா வை."

மறுமுனையில் பூமிநாதன் இருமினார். "யாரு, அந்தப் போட்டோப் புள்ளயா? கைய எடுத்தாச்சா?"

"நான் நீலா பேசறேன் மாமா. கைய எடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கை போனா ஆளும் போவணும். நீங்க நிக்கற எடத்துல ஒங்க தம்பிய நிறுத்திடலாம், நீலக் கோட்டு இருக்கு. தாலி கட்டுற படத்துல நீங்க இருக்க மாட்டீங்க. இல்ல, நீங்க இருக்கணும்னா கையோடதான் இருக்கணும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

பின்னால் ராசாத்தி ஏதோ கிசுகிசுப்பது கேட்டது.

"என்ன மாமா யோசன? போட்டோவுல என்ன இருக்கு? மனசுல இருந்தா போதாதா?"

மறுபடியும் இருமல். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பெரிய மனுஷராக இருந்தவர், தம்பி பெண் கல்யாணத்துப் படத்தில் தான் இல்லாமல் போவதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் குரல் வந்தது, மெலிந்து போய்.

"இருக்கட்டும்."

"எது இருக்கட்டும் மாமா?"

"கை... கையோடயே இருக்கட்டும்."

நீலாயதாட்சி போனை ஜொஹராவிடம் கொடுத்தாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, ஆறு வருஷத்துப் பாலிதீன் பையை இழுத்து வெளியே போட்டு, சுவரில் ஆணி அடிக்க இடம் பார்த்தாள்.

"பெருசாப் போடு பொண்ணு" என்றாள். "ரெண்டு போடு. ஒண்ணு அவரு வீட்டுக்கு."